நஷ்டத்துக்குத் திருடியவர்

நன்னிலத்தில் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு போர்டைக் கழற்றுவதாக இருந்தார்கள்.

'ரெமிஜியஸ் டீசல் ஒர்க்ஸ்' என்று எழுதிய போர்டு. இருபத்திரண்டு வருஷமாகத் தொங்குகிறது. அதைக் கழற்ற மெக்கானிக்குகள் சங்கத்துக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. சங்கம் விசாரிக்கச் சொன்ன அமலி, அந்தக் கையெழுத்தைப் போடுவதற்காகத் தஞ்சாவூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

அமலிக்கு நாற்பத்தாறு வயது. பதினாறு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, நொறுங்கிய வண்டிகளைப் பார்த்தே எது விபத்து, எது கட்டிவிட்ட கதை என்று பிரித்தவள். இப்போது மேல வீதியில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். வரும் கேஸ்களில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா என்ற விசாரணை. மீதிக் கால்வாசி, குடிப்பார் என்று கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தவர்கள் கொண்டுவருவது.

உதவியாளன் ஹரிசங்கர் காரை ஓட்டினான். கார் அறுபதில் போனது, அவன் வாய் நூறில். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் அவன் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அண்ணன்கள் டல்லாஸுக்கும் நிலம் வேறு பெயருக்கும் போய்விட்டதால், இப்போது அவனிடம் மிச்சம் இருப்பது அபிப்பிராயங்கள் மட்டும்.

"மடியில என்ன மேடம், அட்டைப் பெட்டி? நன்னிலத்துல யாருக்காவது சீர் செய்யறோமா?"

"புது டைமிங் செயின். தகராறுல இருக்கிற அதே மாடல். காலையில தஞ்சாவூர்லயே வாங்கினேன்."

"சைக்கிள் செயின் மாதிரியா?"

"அதோட பெரியண்ணன். இஞ்சினுக்குள்ள கீழ கிராங்க் சுத்துது, மேல கேம் சுத்துது. ரெண்டும் தாளம் தப்பாம சுத்தணும். தப்பினா வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும், இஞ்சின் காலி. அந்தத் தாளத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறது இந்தச் செயின்தான். தேஞ்சா நீளும், நீண்டா தொளதொளன்னு ஆயிடும்."

"எங்க பெரியப்பா மிருதங்கம் மாதிரின்னு சொல்லுங்க. அங்க தப்பினப்ப கச்சேரிதான் காலியாச்சு."

புகார் கொடுத்த இராஜாங்கத்தின் வீடு அவருடைய ரைஸ் மில்லை ஒட்டி இருந்தது. வாசலில் இரண்டு காளைகள். மாட்டுப் பொங்கல் முடிந்து ஐந்து நாள் ஆகியும் கொம்புகளில் நீல வர்ணம் பளபளத்தது. ஒரு காளைக்கு மட்டும் ஒரு கொம்பில் வர்ணம் பாதியோடு நின்றிருந்தது.

"இவருக்கு மட்டும் ஏன் சார் அரைக் கொம்பு?" என்றான் ஹரி.

வாசலுக்கு வந்த இராஜாங்கம் சலித்துக்கொண்டார். "பூசிக்கிட்டு இருக்கிறப்பவே பெயிண்ட் டப்பா காணாமப் போச்சு தம்பி. தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள அது மிரண்டு போயி கிட்டயே விடல. வாங்க மேடம், வண்டி பின்னால நிக்குது."

கார் ஷெட்டில் ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, பானட் திறந்து, இஞ்சினின் முன்பக்கத்து மூடி கழற்றப்பட்டு நின்றது. பக்கத்தில் துணியில் கை துடைத்தபடி ஜெக்கரியா. ஊரில் ரெமிஜியஸுக்கு அடுத்த மெக்கானிக். இன்று சாயங்காலத்துக்குப் பிறகு முதல் மெக்கானிக் ஆகக்கூடியவர்.

இராஜாங்கம் குற்றப்பத்திரிகையை வாசித்தார். டிசம்பர் முழுக்க வண்டியில் சத்தம். செயின் தேய்ந்துவிட்டது என்றார் ரெமிஜியஸ். புது வருஷத்துக்கு மறுநாள் புது செயின் மாட்டி, பில்லும் கொடுத்தார். வண்டி நாகூருக்கு இரண்டு தடவை, தஞ்சாவூருக்கு ஒரு தடவை போய் வந்தது. போகி அன்று சாயங்காலம் டிரைவர் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போனார். நாலு நாள் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. ரெமிஜியஸ் அன்றைக்கு ஏதோ வயலில் அறுவடை மெஷினுக்கு அடியில் இருந்ததால் ஜெக்கரியாவைக் கூப்பிட்டார்கள்.

"பேட்டரி டெர்மினல் கழண்டு இருந்துச்சு," என்றார் ஜெக்கரியா. "முடுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணப் போனேன். கீழ பார்த்தா மூடிக்கு அடியில எண்ணெய் கசிஞ்சு நிக்குது. சாவியத் தொடாதீங்கன்னு சொல்லிட்டு மூடியத் திறந்தேன். உள்ள தேஞ்ச செயின். செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பாருங்க, தள்ளித் தள்ளி கடைசி வரைக்கும் வெளிய வந்து நிக்குது. அப்பவும் செயின் தொங்குது. புதுசுன்னா இப்படி வராது."

"திறக்கிறப்ப இஞ்சின் சுத்துச்சா?"

"கிராங்க்கை லாக் பண்ணித்தான் கழட்டினேன். ஒரு பல்லுகூட நகரல."

அமலி டார்ச்சை அடித்துக் குனிந்தாள். மேல் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி, கீழ்ப் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி. செயினில் நீல வர்ணம் தொட்ட கண்ணிகள் இரண்டு. மேல் கண்ணி மேல் புள்ளிக்கு நேராக, கீழ்க் கண்ணி கீழ்ப் புள்ளிக்கு நேராக, மயிரிழை பிசகாமல் இருந்தன. செயின் மாட்டும்போது வைத்துப் பார்க்கிற அடையாளம் அது. அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, போனில் வீடியோ எடுத்துக்கொண்டாள்.

"என்ன மேடம்?"

"இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததே இல்ல ஹரி."

"பாராட்டா, புகாரா?"

"இன்னும் முடிவு பண்ணல."

இராஜாங்கம் ஓர் அட்டைப் பெட்டியை நீட்டினார். "இதுவும் டிக்கியில இருந்தது. பழசைக் கழட்டி இதுல வச்சிருக்கேன்னு குடுத்தான். நடிப்பு! எங்கயோ குப்பையில கிடந்த செயினைப் பெட்டியில போட்டுட்டு, என் பழசையே திரும்ப உள்ள மாட்டியிருக்கான்."

டெல்டாவில் எந்த மெக்கானிக்கும் மாற்றிய சாமானைக் கையில் கொடுக்காமல் வண்டியை அனுப்ப மாட்டார். புதியது வந்த பெட்டியிலேயே பழையதைப் போட்டுக் கொடுப்பது வழக்கம். வாங்கிக்கொள்பவருக்கு அதில் எந்த உபயோகமும் இல்லை. வாங்காமல் போனால் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

வீட்டுப் பின்கதவில் ஓர் இளைஞன் தலை தெரிந்தது. இராஜாங்கத்தின் முகம் மலர்ந்தது. "நம்ம மாப்பிள்ளை, இளமாறன். திருச்சி பக்கம் இஞ்சினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் புரொபசர். தலைப்பொங்கலுக்கு வந்திருக்கார்."

"வாங்க சார், நீங்களும் ஒரு பார்வை பாருங்களேன்," என்றாள் அமலி.

"இல்ல மேடம், ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை முடிக்கணும்." தலை மறைந்தது.

காரில் ஏறியதும் ஹரி சொன்னான். "இஞ்சின் திறந்து கிடக்கு. மெக்கானிக்கல் புரொபசர் எட்டிக்கூடப் பார்க்கல. எங்க தாத்தா பாயசத்தைத் தாண்டிப் போன மாதிரி இருக்கு."

ரெமிஜியஸ் ஒரு அறுவடை மெஷினுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். ஐம்பது வயது, மூக்கு நுனி வரை கிரீஸ். சம்பா அறுவடை தொடங்கிவிட்டதால் அவருடைய ஷெட்டைச் சுற்றி மூன்று மெஷின்கள் காத்திருந்தன.

"சர்வேயர் அம்மாவா? உங்க கையெழுத்துக்குத்தான் சங்கமே காத்துக்கிட்டு இருக்காம். உக்காருங்க. நாலு மணி வரைக்கும் இது என் ஸ்டூல்."

"செயின் தேஞ்சிருக்குன்னு எப்படித் தெரிஞ்சது?"

"காலையில முதல் ஸ்டார்ட்டுல மூணு செகண்டு கலகலன்னு சத்தம். சூடானதும் அடங்கிடும். ஷெட்டுக்கு ஓட்டிட்டு வந்தா வண்டி நல்ல பிள்ளையாயிடும். அதனால நானே விடியக்காலை அவங்க வீட்டுக்குப் போயி, முதல் ஸ்டார்ட்டைக் காதால கேட்டேன். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தேன், மினுமினுன்னு இரும்புத் தூள். அதுக்கப்புறம்தான் ஸ்கேனர் போட்டேன். கிராங்க்குக்கும் கேமுக்கும் ஒத்துப்போகலன்னு அதுவும் சொல்லிச்சு, எனக்கு அப்புறமா."

"என்னென்ன மாத்துனீங்க?"

"செயின், டென்ஷனர், ரெண்டு கைடு, கீழ் பல்சக்கரம். மாட்டி முடிச்சதும் கையால இஞ்சினை ரெண்டு சுத்து சுத்துவேன். எங்கயாவது இடிச்சா கைக்குத் தெரியும், சாவிக்குத் தெரியாது."

"பழைய செயினை எப்படிக் குடுத்தீங்க?"

"கழட்டின மேனிக்கு, கறுப்பா, எண்ணெய் வடிய. துடைக்கல. துடைச்சா எதையோ மறைக்கிறேம்பாங்க."

"இதையெல்லாம் சங்கத்துல சொன்னீங்களா?"

"சொன்னேன். திருடினவனும் இதைத்தான் சொல்லுவான்னு ஒருத்தர் சொன்னார். சரியாத்தான் சொன்னார்." ரெமிஜியஸ் போர்டை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது தகரம் மேடம், போனாப் போகட்டும். ஆனா அது போச்சுன்னா கடைக்காரங்க சாமான் தர மாட்டாங்க, மெஷின்காரங்க வர மாட்டாங்க. பட்டணத்துக்குப் போயி வாட்ச்மேன் வேலை பார்க்கணும். எனக்குத் தூக்கமும் அதிகம், அந்த வேலையும் நிலைக்காது."

ஹரி போய்க் கார்க் கதவைத் திறந்தான்.

காரில் அமலி, இராஜாங்கம் கொடுத்த பெட்டியைத் திறந்தாள். அட்டையின் உள்பக்கம் எண்ணெய் ஊறிக் கறுத்துப் போயிருந்தது. உள்ளே இருந்த செயினோ, நகைக்கடையில் வாங்கியதுபோல் மின்னியது. முகர்ந்து பார்த்தாள்.

"பெட்ரோல். யாரோ குளிப்பாட்டியிருக்காங்க."

"பொங்கலுக்கா?"

"வண்டியத் திருப்பு."

மணி இரண்டு. கார் ஷெட் மரச்சட்டத்தில் அமலி ஒரே உயரத்தில் இரண்டு ஆணிகள் அடிக்கச் சொன்னாள். ஒன்றில் தஞ்சாவூரில் வாங்கிய புது செயின். இன்னொன்றில் பெட்டியில் இருந்த 'பழைய' செயின்.

"தேஞ்ச செயினா இருந்தா ஒரு நெல்மணி நீளமாவது தாழ்ந்து தொங்கணும்," என்றாள்.

இரண்டும் சமமாகத் தொங்கின. ஜெக்கரியா கிட்டே வந்து, கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்தார்.

"இது புதுசு," என்றார். "மிஞ்சிப் போனா ரெண்டு வாரம் ஓடியிருக்கும்."

பேசாமல் இருப்பது ஹரியால் ஆகாத காரியம்.

"ஆக, ரெமிஜியஸ் உங்ககிட்ட புது செயினுக்குக் காசு வாங்கினார். வண்டியில பழசை மாட்டினார். திருடின புது செயினை அழகா பெட்டியில வச்சு உங்ககிட்டயே குடுத்துட்டார். சார், நஷ்டத்துக்குத் திருடுற ஆளை நான் இப்பத்தான் பார்க்கிறேன். போர்டைக் கழட்டக் கூடாது, மாலை போடணும்."

இராஜாங்கம் ஒரு நிமிஷம் குழம்பினார். அடுத்த நிமிஷம் கை ஜெக்கரியா பக்கம் நீண்டது. "அப்ப நீதான்யா! தொழில் போட்டியில மாத்திப் போட்டுட்ட!"

"அண்ணே, நீங்க, அண்ணி, டிரைவர், மில்லு ஆளுங்க ஆறு பேர், எல்லாரும் சுத்தி நிக்கத்தான் மூடியத் திறந்தேன். அத்தனை கண்ணுக்கு முன்னால செயினை மாத்தத் தெரிஞ்சா நான் ஏன் ஸ்பேனர் பிடிக்கிறேன்? சர்க்கஸுக்குப் போயிருப்பேன்."

"அவர் இல்ல," என்றாள் அமலி. இஞ்சினுக்குள் விரலை விட்டு நீலக் கண்ணியை நகத்தால் சுரண்டினாள். நகத்தில் பளபளப்பாக ஒரு நீலத் துணுக்கு ஒட்டியது. "அடையாளம் வைக்கணும்னா நீங்க எதால வைப்பீங்க?"

"ஒயிட்னர்," என்றார் ஜெக்கரியா. "பெயிண்ட் காயிற வரைக்கும் எவன் உக்காந்திருப்பான்?"

அமலி வாசலுக்கு நடந்தாள். நகத்தைக் காளையின் அரைக் கொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே நீலம். காளை ஆட்சேபிக்கவில்லை.

"காணாமப் போன டப்பா எங்க கிடைச்சது?"

"கார் ஷெட் ஜன்னல்ல," என்றார் இராஜாங்கம்.

"மாட்டுப் பொங்கல் அன்னைக்குக் காலையில ஷெட்டுல யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல. எல்லாரும் மாட்டுக்கிட்ட இருந்தோம். மாப்பிள்ளை மட்டும் கட்டுரை எழுத அமைதியான இடம் வேணும்னு..." இராஜாங்கம் நிறுத்தினார். முகத்திலிருந்து ரைஸ் மில் முதலாளி இறங்கிப் போய், மாமனார் மட்டும் நின்றார். "மேடம். தலைப்பொங்கலுக்கு வந்தவர். காப்பிக்குச் சர்க்கரை போதுமான்னு கேக்கவே நாங்க பயப்படுறோம். அவர்கிட்டப் போயி எதையும் கேட்டுடாதீங்க."

"குறுக்கு விசாரணை எல்லாம் பண்ண மாட்டேன் சார். பாடத்துல ஒரு சந்தேகம் கேப்பேன். புரொபசர்தானே?"

இளமாறன் கூடத்தில் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையில் கட்டுரையின் தலைப்பு மட்டும் இருந்தது. அதுவும் முடியவில்லை.

"சார், ஒரு சின்னக் கணக்கு," என்றாள் அமலி, கடைசி பெஞ்சு மாணவி போல. "செயின்ல நூத்துப் பதினெட்டு கண்ணி. கீழ் பல்சக்கரத்துல பத்தொன்பது பல், மேல முப்பத்தெட்டு. மாட்டுறப்ப வர்ணக் கண்ணியைப் புள்ளிக்கு நேரா வைக்கிறோம். இஞ்சின் ஓடினா திரும்ப எப்ப நேரா வரும்?"

கணக்கு என்றதும் அவன் முகத்தில் விளக்கு எரிந்தது. "நல்ல கேள்வி மேடம். இது பல பேருக்குத் தெரியாது. பல்சக்கரத்துப் புள்ளிகள் ரெண்டு சுத்துக்கு ஒருதரம் திரும்ப வந்துடும். ஆனா வர்ணக் கண்ணி நகர்ந்து போயிடும். ஒரு சுத்துக்குப் பத்தொன்பது கண்ணி நகருது, இல்லியா? நூத்துப் பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் பொது வகுத்தி இல்ல. அதனால கிராங்க் நூத்துப் பதினெட்டு சுத்து சுத்தினாத்தான் மறுபடி நேரா வரும்."

"வண்டியை நிறுத்துறப்ப சரியா அந்த இடத்துலயே நிக்கிறதுக்கு?"

"அது ரொம்ப அபூர்வம். எந்தப் பல்லுல வேணும்னாலும் நிக்கலாமே. நூத்துப் பதினெட்டைப் பத்தொன்பதால பெருக்குங்க. ரெண்டாயிரத்து இருநூத்து நாப்பத்திரண்டு. அதுல ஒரு வாய்ப்பு."

"அப்ப ரெண்டு வாரம் நாகூர், தஞ்சாவூர்னு ஓடின வண்டியைத் திறந்தா, வர்ணக் கண்ணி அப்படியே புள்ளிக்கு நேரா இருக்கு. அதுக்கு என்ன அர்த்தம் சார்?"

"அந்தச் செயினை மாட்டின பிறகு இஞ்சின் ஒரு தடவைகூட..."

அவன் நிறுத்தினான்.

"சொல்லுங்க சார்," என்றான் ஹரி. "நோட்ஸ் எடுத்துக்கிட்டு இருக்கோம்."

"...ஓடலைன்னு அர்த்தம்." இளமாறன் மடிக்கணினியை மூடினான். "வண்டி நின்ன பிறகு யாரோ மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம்."

வாசற்படியில் நின்ற இராஜாங்கம் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"வேணும்னு பண்ணல மாமா," என்றான் இளமாறன், மேஜையைப் பார்த்தபடி. "வந்த நாள்லேர்ந்து ரெமிஜியஸ் புராணம்தான் பாடுனீங்க. எட்டாவதுகூடத் தாண்டல, காதால கேட்டே கண்டுபிடிச்சான்னு. நான் அந்தப் பாடத்துல டாக்டர் பட்டம் வாங்கினவன். பழைய செயின் டிக்கியில இருந்தது. புதுசையும் கழட்டி, ரெண்டையும் பக்கத்துல வச்சு, எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அளந்து உங்களுக்குக் காட்டலாம்னு நினைச்சேன்."

"காட்டியிருக்கலாமே மாப்பிள்ளை."

"பெட்ரோல்ல போட்டுக் கழுவினேன். கம்பெனி போட்டிருந்த வர்ண அடையாளமும் சேர்ந்து போயிடுச்சு. அந்த நேரம் அத்தை காப்பி எடுத்துட்டு வந்தாங்க. அழுக்குக் கையோட பார்த்துடுவாங்களேன்னு ரெண்டு செயினையும் வாரி சாக்குக்கு அடியில தள்ளினேன். அவங்க போன பிறகு எடுத்தா, எது எதுன்னு தெரியல."

"அளந்து பார்த்திருக்கலாமே சார்?" என்றான் ஹரி.

"அளக்கிற கருவி காலேஜ்ல இருக்கு."

"ரெண்டு ஆணி இருந்தா போதும்," என்றாள் அமலி.

"அது பாடத்துல இல்ல மேடம்." அவன் குரல் இறங்கியது. "கண்ணியை எண்ணி, கொம்புக்குப் பூசற பெயிண்ட்டை எடுத்து அடையாளம் வச்சு மாட்டினேன். மூடினதும் பார்த்தா ஒரு போல்ட் மிச்சம் இருக்கு. ஸ்டார்ட் பண்ணப் பயம். வேற யாரும் பண்ணிடக் கூடாதுன்னு டெர்மினலைத் தளர்த்திட்டேன். திருச்சி போனதும் போன்ல சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஜெக்கரியா வந்தாரு, சங்கம் வந்துச்சு, நீங்க வந்தீங்க."

இராஜாங்கம் எதுவுமே காதில் விழாதவர்போல் நிமிர்ந்தார். "மாப்பிள்ளை, நீங்க உள்ள போயி ரெஸ்ட் எடுங்க." அப்புறம் அமலியைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போனார்.

"மேடம், மாப்பிள்ளை பேரு மட்டும் வெளிய வரக் கூடாது. ரெமிஜியஸை மன்னிச்சுட்டேன்னு நானே சங்கத்துல சொல்லிடுறேன்."

"அவர் செய்யாத தப்புக்கா?"

"அதுக்கும் பெரிய மனசு வேணும்ல?"

"காளை மேல போட்டுடலாம் சார்," என்றான் ஹரி. "கொம்புல ஆதாரமும் இருக்கு."

அமலி சிரிக்கவில்லை. "நாலு மணிக்கு நான் ரிப்போர்ட்டை வாசிப்பேன் சார். அதுக்கு முன்னால யாராவது எழுந்து உண்மையைச் சொன்னா, எனக்கு வாசிக்கிற வேலை மிச்சம்."

சங்கத்து ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். தலைவர் ஷேக் பரீத், நாகூர்க்காரர், டயர் கடை வைத்திருப்பவர். மேஜை மேல் தீர்மான நோட்டு திறந்திருந்தது. கடைசி வரிசையில் ரெமிஜியஸ் சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனிக் கிரீஸை மட்டும் மறந்திருந்தார்.

ஷேக் பரீத் வாய் திறப்பதற்குள் இராஜாங்கம் எழுந்தார்.

"ரெமிஜியஸ் மேல தப்பு இல்ல. மூடியத் திறந்தது நான்தான். செயினை மாத்திப் போட்டதும் நான்தான். பொங்கல் லீவு, பொழுது போகல. ஒரு ஆசை."

ஹால் அவரைப் பார்த்தது. முப்பது வருஷமாகப் பின்சீட்டில் மட்டுமே உட்கார்ந்து பழகியவர். கார்க் கதவையே வேறு ஒருவர்தான் திறந்துவிடுவார்.

ரெமிஜியஸ் மெதுவாக எழுந்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்த மூடிக்கு எந்த ஸ்பேனர் போட்டீங்க?"

"அதுவா... இருக்கிறதுலயே பெரிய ஸ்பேனர்."

ஹால் வெடித்துச் சிரித்தது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் முன்வரிசையில் ஒருவர் உருகிப்போய்ச் சொன்னார். "பாருங்கய்யா, இதுதான் பெரிய மனுஷத்தனம்! ஒரு தொழிலாளி பொழைப்பு போகக் கூடாதுன்னு பழியைத் தன் மேல போட்டுக்கிறாரு. அதுக்காக நாம திருட்டை விட்டுற முடியுமா?"

ஆமாம் என்று தலைகள் ஆடின. இரண்டு பேர் கையே தட்டினார்கள். ஒரு பொய் சொல்லி ரெமிஜியஸைக் காப்பாற்ற வந்த இராஜாங்கம், அதே பொய்யால் அவரை இன்னும் ஒரு முழம் ஆழமாகப் புதைத்திருந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அமலியைப் பார்த்தார். அமலி கைப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தாள்.

ஷேக் பரீத் பேனாவைத் திறந்தார். "அப்ப போர்டு விஷயம்..."

"பத்தாம் நம்பர்."

குரல் வாசலிலிருந்து வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். இளமாறன் நின்றுகொண்டிருந்தான். தலைப்பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டி, வேகமாக நடந்து வந்ததில் முழங்கால் வரை புழுதி.

"பத்தாம் நம்பர் ரிங் ஸ்பேனர். மாமாவுக்கு அது தெரியாது. திறந்தது நான். புது செயினைக் கழட்டிட்டுத் தெரியாம பழசை மாட்டினதும் நான். ரெமிஜியஸ் செஞ்ச வேலையில எந்தக் குறையும் இல்ல. இருந்திருந்தா, நான் இவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் கெடுத்திருக்க வேண்டியதில்ல."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஷேக் பரீத் பேனாவை மூடினார், நோட்டை மூடினார், கண்ணாடியையும் கழற்றி மூடினார்.

"போர்டு அங்கயே இருக்கட்டும்," என்றார். "ரெமிஜியஸ், உங்ககிட்ட சங்கம் மன்னிப்புக் கேக்குது. இராஜாங்கம் அண்ணே, நீங்களும் கேட்டுருங்க."

இராஜாங்கம் கேட்டார். இந்தத் தடவை மனசு எதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை. ரெமிஜியஸ் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டு, நேராக இளமாறனிடம் போனார். அவன் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஐந்து நாள் கழித்தும் நகக்கண்களில் கறுப்பு போகவில்லை.

"பயந்து ஸ்டார்ட் பண்ணாம விட்டீங்களே, அதான் இஞ்சின் பொழைச்சது. சரி, திறந்தாச்சு. யாரு மூடறது?"

"நீங்கதான்..."

"நான் ஸ்டூல்ல உக்காந்து சொல்றேன். நீங்க மூடுங்க. வீட்டுல கைலி இருக்கா?"

ஐந்து மணிக்கு நன்னிலம் கடைத்தெரு ஒரு ஊர்வலத்தைப் பார்த்தது. முன்னால் மில் டிராக்டர். பின்னால் கயிற்றில் கட்டிய ஏழு சீட் வண்டி. ஸ்டியரிங்கில் கைலியோடு மெக்கானிக்கல் புரொபசர். பக்கத்து சீட்டில் ரெமிஜியஸ், வேகத்தடை வரும்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஷெட்டுக்கு எதிரே, டீக்கடை நிழலில் இராஜாங்கம் நின்றார். அவர் போன் அடித்தது. அந்தப் பக்கத்துக் குரல் டீக்கடை முழுவதற்கும் கேட்டது.

"என்னங்க, மாப்பிள்ளை வீட்டுலயே இல்ல! வடை போட்டு வச்சு ஆறிப்போகுது. எங்க போனாரு, கோவிச்சுக்கிட்டாரா?"

எதிரே வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "இடது பக்கம் சார்... உங்க இடது இல்ல, இஞ்சினோட இடது," என்று ரெமிஜியஸின் குரல் கேட்டது.

இராஜாங்கம் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கோவம் எல்லாம் ஒண்ணும் இல்ல," என்றார். "மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கார்."